ஸ்டாகர்விங் – 6: நீல விமானம், இரண்டு பெண்கள், ஒரு பகல்

சென்ற வாரம் 1935-ல் நின்றோம். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஹரோல்ட் ஃபார்குவார் ஒரு பீச் விமானத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, சைபீரியா, தென்கிழக்கு ஆசியா, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று சுற்றி லண்டன் போய்ச் சேர்ந்தார். மொத்தம் 21,332 மைல். ஒற்றை எஞ்சின் வைத்த சொந்த உபயோக விமானம் உலகத்தையே வளைத்துவிட்டது என்று, அதைச் செய்த கம்பெனியின் ஊரான விச்சிட்டாவில் கொண்டாடினார்கள்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்குச் சுருக்கமாக முன்கதை. 1932, பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்காவில் விமானம் வாங்க ஆளில்லை. அப்போது வால்டர் பீச், கர்ட்டிஸ்-ரைட் நிறுவனத்தில் இருந்த உயர்ந்த பதவியை உதறிவிட்டு, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவுக்குத் திரும்பினார். மூடிக்கிடந்த செஸ்னா தொழிற்சாலையில் இடம் வாடகைக்குப் பிடித்தார். வரைபடம் டெட் வெல்ஸுடையது. கணக்கும் நிர்வாகமும் வால்டரின் மனைவி ஆலிவ் ஆன் கையில். அந்த ஆண்டு நவம்பர் 4-ம் தேதி முதல் விமானம் பறந்தது. மணிக்கு 200 மைல் வேகம். அதே விமானம் சுமார் 60 மைல் வேகத்தில் சாதுவாகத் தரை இறங்கியது.

இரட்டை இறக்கை விமானங்களில் வழக்கமாக மேல் இறக்கை முன்னால் இருக்கும். வெல்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். கீழ் இறக்கை முன்னால், மேல் இறக்கை பின்னால். விமானியின் பார்வையை மேல் இறக்கை மறைக்காது. வேகம் மிகவும் குறைந்து விமானம் தொய்கிற நேரத்தில் முன்னால் உள்ள கீழ் இறக்கைதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். மூக்கு தானாகத் தாழும், விமானம் மறுபடியும் வேகம் பிடித்துக்கொள்ளும். ஸ்டாகர்விங் என்ற செல்லப் பெயர் இந்த அமைப்பால் வந்தது.

1934-ல் உள்ளே மடங்கும் சக்கரங்களோடும், 225 குதிரைத்திறன் ஜேக்கப்ஸ் எஞ்சினோடும் விலை குறைந்த மாடல் வந்தது. விற்பனை மெல்லச் சூடு பிடித்தது. ஆனாலும் வாங்கத் தகுந்த பணக்காரர்கள் தயங்கினார்கள். இத்தனை வேகமான விமானத்தை நம்மால் ஓட்ட முடியுமா? இது பந்தய வீரர்களுக்கு உரியதல்லவா?

அந்தத் தயக்கத்தை உடைத்தது ஒரே ஒரு பகல்.

*

ஆலிவ் ஆன் போட்ட கணக்கு

ஆலிவ் ஆன் விமானி இல்லை. 1920-களில் வால்டரும் கூட்டாளிகளும் நடத்திய டிராவல் ஏர் கம்பெனியில் கணக்கு எழுத வந்தவர். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே பெண். சேர்ந்த புதிதில் விமானப் பாகங்களின் பெயர் எதுவும் தெரியாது. ஆண்கள் கேலி செய்தார்கள். அவர் ஓர் எஞ்சினியரைப் பிடித்து, விமானத்தைப் படமாக வரைந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதித் தரச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார். சில ஆண்டுகளில் கம்பெனியின் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும் என்ற நிலை.

1936-ல் அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். இந்த வருஷம் பெண்டிக்ஸ் கோப்பைப் பந்தயத்தில் நம் விமானத்தை இறக்குவோம், அதைப் பெண்கள் ஓட்டட்டும்.

பெண்டிக்ஸ் என்றால் அன்றைய அமெரிக்காவில் சாதாரணப் பந்தயம் அல்ல. 1931-ல் தொடங்கியது. கண்டத்தின் குறுக்கே, ஒரே நாளில், யார் குறைந்த நேரத்தில் பறக்கிறார்கள் என்ற போட்டி. முதல் ஆண்டு ஜிம்மி டூலிட்டில் ஜெயித்தார்.

இந்தப் பந்தய உலகத்தில் பெண்களின் கதை கசப்பானது. 1933-ல் சிகாகோவில் நடந்த வேறொரு பந்தயத்தில் ஃபுளோரன்ஸ் கிளிங்கன்ஸ்மித் என்ற இளம் விமானி ஓட்டிய விமானத்தின் இறக்கைத் துணி கிழிந்தது, விழுந்து இறந்தார். இது விமானத்தின் கோளாறு. ஆனால் அடுத்த ஆண்டு பெண்டிக்ஸில் பெண்கள் எல்லோரையும் தடை செய்தார்கள். ஆண்கள் விழுந்து செத்த ஆண்டுகளில் ஆண்களை யாரும் தடை செய்ததில்லை. அமேலியா இயர்ஹார்ட் உள்ளிட்ட பெண் விமானிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1935-ல் கதவு மறுபடி திறந்தது.

1936-ல் ஒரு தனிப் பரிசும் அறிவித்தார்கள். எத்தனையாவது இடத்தில் வந்தாலும் சரி, முதலில் வந்து சேரும் பெண்ணுக்கு 2,500 டாலர். முதலிடத்துக்கு ஒரு பெண் வரப்போவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு எடுத்து வைத்த ஆறுதல் பணம் அது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆலிவ் ஆன் என்ன நினைத்தார் என்பதை விளைவுகளிலிருந்து ஊகிக்கலாம். ஆண் பந்தய வீரர் ஜெயித்தால் புகழ் அவருடைய தைரியத்துக்குப் போகும். ஒரு பெண் சிரமமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தால் புகழ் விமானத்துக்கு வரும். பெண்களால் முடியாது என்று ஊரே நம்பிய காலத்தில் அந்த நம்பிக்கையையே விற்பனைக்குத் திருப்பிவிடப் பார்த்தார். வியாபாரக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கின் அடியில், பெண்களால் முடியும் என்று அவர் மனதார நம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியின் பெயரை யாரும் இப்படிப் பணயம் வைக்க மாட்டார்கள்.

*

லூயிஸும் பிளான்ச்சும்

அழைப்பு லூயிஸ் தேடனுக்குப் போனது.

அவரை வால்டருக்குப் பத்தாண்டுகளாகத் தெரியும். அர்கான்சாஸ் மாநிலத்தின் பென்டன்வில்லில் பிறந்தவர். விச்சிட்டாவில் நிலக்கரி விற்கும் வேலையில் இருந்தார். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு டிராவல் ஏர் தொழிற்சாலையிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். அவரை வேலையை விட்டுத் துரத்துவதற்குப் பதிலாக, கலிஃபோர்னியாவில் இருந்த டிராவல் ஏர் விற்பனையாளரிடம் அனுப்பி வைத்தார்கள். சம்பளத்தோடு பறக்கும் பயிற்சியும் உண்டு என்று ஏற்பாடு. 1929-ல் நடந்த முதல் பெண்கள் விமானப் பந்தயத்தில் லூயிஸ் ஜெயித்தார். அந்தப் பந்தயத்துக்கு விமானத்தை எடுத்துச் செல்லும்போது எஞ்சின் புகை காக்பிட்டுக்குள் வந்து மயங்கும் நிலைக்குப் போனார். வால்டர் உடனே வெளிக்காற்றை உள்ளே கொண்டுவர ஒரு குழாய் பொருத்திக் கொடுத்தார். அந்தக் குழாயில் மூக்கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டேதான் லூயிஸ் முதலிடம் வந்தார்.

1936-ல் அவருக்கு இரண்டு குழந்தைகள். அரசாங்கத்தின் வான்வழிக் குறியீட்டுத் திட்டத்தில் வேலை. ஊர் ஊராகப் போய், கிடங்குகளின் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் வண்ணம் தீட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். வழி தவறிய விமானி மேலிருந்து படித்துத் தெரிந்துகொள்வார்.

துணைக்கு அவர் கூப்பிட்டது, அதே திட்டத்தில் வேலை பார்த்த பிளான்ச் நொய்ஸை. கிளீவ்லாந்துக்காரர், 1929 பந்தயத்தில் லூயிஸோடு போட்டியிட்டவர். அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் கணவர் டூயி நொய்ஸ், முன்னாள் அஞ்சல் விமானி. 1935 டிசம்பரில் டூயி விமான விபத்தில் இறந்தார். பந்தயத்துக்கு ஒன்பது மாதம்கூட இல்லை. கணவனை ஆகாயத்தில் பறிகொடுத்த பெண், அதே ஆகாயத்தில் கண்டத்தைக் கடக்கச் சம்மதித்தார். இந்தப் பந்தயத்தில் லூயிஸின் பெயர்தான் அதிகம் பேசப்படுகிறது. என் மனம் பிளான்ச்சிடமே போய் நிற்கிறது.

*

ஒன்பது சிலிண்டர்

கொடுத்த விமானம் சி17ஆர் மாடல். நீல நிறம். பந்தயத்துக்கென்று தனியாகச் செய்தது இல்லை. விற்பனைக்குப் போகும் வரிசையில் இருந்து எடுத்தது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டாங்க் வைத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

மூக்கில் ரைட் கம்பெனியின் ஆர்-975 ரேடியல் எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள் நடுத்தண்டைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி விரிந்திருக்கும். பெயரில் உள்ள எண் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் கணக்கில் ஏறக்குறைய 16 லிட்டர். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. முன்னாலிருந்து அடிக்கிற காற்றே ஒவ்வொரு சிலிண்டரையும் குளிர்விக்கும். ஒழுகுவதற்கும் உறைவதற்கும் குழாய்களே இல்லாததால் நீண்ட தூரப் பயணத்துக்கு விமானிகள் இதை நம்பினார்கள்.

ஏன் ஒன்பது, ஏன் எட்டு இல்லை? நான்கு வீச்சு எஞ்சினில் நடுத்தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். ஒன்று விட்டு ஒன்றாக 1, 3, 5, 7, 9 என்று போய், அப்படியே 2, 4, 6, 8 என்று அடுத்த சுற்றில் முடியும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் இந்த இடைவெளி சீராக வரும். அந்தச் சீரான முழக்கத்தை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்கென்று ஒரு பிடிவாதமும் உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் வடிந்து அடியில் உள்ள சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத எண்ணெயில் பிஸ்டன் மோதி உள்ளே இணைப்புத் தண்டே வளைந்துவிடும். அதனால் கிளப்புமுன் ஒருவர் கீழே நின்று புரொபெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். எங்காவது இறுகினால் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மறுபடி சுற்ற வேண்டும். பலம் காட்டினால் எஞ்சின் போய்விடும்.

*

செப்டம்பர் 4, 1936

வெள்ளிக்கிழமை. நியூயார்க், புரூக்ளினில் உள்ள ஃபிளாய்ட் பென்னட் விமானத்தளம். விடிய இன்னும் நேரம் இருந்தது.

பெரும்பாலான ஆண்டுகளில் மேற்கிலிருந்து கிழக்கே பறப்பார்கள். இந்த முறை தேசிய விமானப் பந்தயங்கள் லாஸ் ஏஞ்சல்ஸில். எனவே கிழக்கிலிருந்து மேற்கே, சுமார் 2,450 மைல், வழி நெடுக எதிர்க்காற்று. மாலை ஆறு மணிக்குள் எல்லைக் கோட்டைக் கடக்க வேண்டும்.

எதிரே நின்றவர்களைப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஜெயித்த பென்னி ஹோவர்ட், மனைவி மேக்சினோடு, அதே ‘மிஸ்டர் முல்லிகன்’ விமானத்தில். ஜோ ஜேக்கப்சன், நார்த்ராப் காமாவில். அமேலியா இயர்ஹார்ட்டும் ஹெலன் ரிச்சியும், இரட்டை எஞ்சின் லாக்ஹீட் எலெக்ட்ராவில். லாரா இங்கால்ஸ் தனியாக, லாக்ஹீட் ஓரியனில். போதாததற்கு ஒரு டிசி-2 பயணிகள் விமானமே போட்டியில் இருந்தது. இந்தக் கூட்டத்தில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் பழைய காலத்து ஆசாமி போல் தெரிந்திருக்கும்.

ஒவ்வொன்றாகக் கிளம்பின.

அமேலியாவின் எலெக்ட்ரா மேலே ஏறியதும் காக்பிட்டின் மேல்கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. இருவரும் அதைப் பிடித்து இழுத்துக் கட்டிச் சமாளிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது.

கான்சாஸ் மேலே ஜேக்கப்சனின் காமா வெடித்தது. அவர் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்.

நியூ மெக்சிகோவில் மிஸ்டர் முல்லிகனின் புரொபெல்லர் தகடு ஒன்று கழன்று பறந்தது. ஹோவர்ட் தம்பதி ஆள் நடமாட்டமில்லாத வறண்ட நிலத்தில் விழுந்தார்கள். எஞ்சின் பின்னால் நகர்ந்து அவர்கள் கால்களை நசுக்கியது. உதவி வந்து சேர நேரமாயிற்று. இருவரும் பிழைத்தார்கள், பென்னி ஒரு காலை இழந்தார்.

இதில் எதுவும் நீல விமானத்துக்குள் இருந்த இருவருக்கும் தெரியாது. எஞ்சின் சத்தம், மடியில் வரைபடம், கீழே மேகம். மேகம் விலகும் இடங்களில் ரயில் பாதை, ஆறு, ஊர். கூரைகளில் எழுத்துப் போட வைக்கிற வேலை பார்க்கும் இருவர் கீழே உள்ள நிலத்தைப் படித்துக்கொண்டே போகிறார்கள். அந்தப் பகலில் இதைவிடப் பொருத்தமான கண்கள் அந்த வானத்தில் இல்லை.

*

விச்சிட்டாவில்

பெட்ரோல் போட இறங்கிய இடம் சொந்த ஊர். தொழிற்சாலை ஆட்கள் தயாராக நின்றார்கள். வால்டரும் வந்தார்.

வால்டருக்குப் பொறுமை இல்லை. என்ன இவ்வளவு மெதுவாக வருகிறீர்கள், திறந்துவிட்டு ஓட்டுங்கள் என்று சத்தம் போட்டார். லூயிஸ் தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மேலே ஏறியதும், தான் ஏற்கெனவே வைத்திருந்த அதே சக்தியில் த்ராட்டிலை விட்டுவிட்டார்.

பந்தயம் முடிவானது இங்கேதான் என்பது என் கருத்து.

எஞ்சினின் முழுச் சக்தியையும் பல மணி நேரம் தொடர்ந்து பிழிந்தால் சிலிண்டர் கொதிக்கும், பெட்ரோல் தண்ணீராய்ப் போகும், கூடுதலாக ஒரு இடத்தில் இறங்க வேண்டிவரும். இறங்கி ஏறும் நேரம், மிச்சம் பிடித்த நேரத்தை விழுங்கிவிடும். அந்த ஒன்பது சிலிண்டர்களும் நாள் முழுக்க அலுக்காமல் உழைக்கிற ஒரு அளவு உண்டு. லூயிஸ் அந்த அளவை அறிந்திருந்தார். முதலாளி எதிரே நின்று கத்தும்போதும் அதிலிருந்து மாறவில்லை. அன்று வேகத்தை நம்பியவர்கள் சிலர் வழியிலேயே விழுந்தார்கள். அதை வெறும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

*

தப்பான பக்கம்

மலைகளைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்குள் வரும்போது மேற்கே சாய்ந்த சூரியன் நேராகக் கண்ணில். லாஸ் ஏஞ்சல்ஸ் மேலே புகைமூட்டம். மைன்ஸ் ஃபீல்ட் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பன்னாட்டு விமான நிலையம் இருக்கும் இடம் அதுதான்.

கண்டுபிடித்தார்கள். அவசரத்தில் எல்லைக் கோட்டை எதிர்ப்பக்கமிருந்து கடந்துவிட்டார்கள்.

இறங்கியபோது இருவருக்கும் ஒரே நினைப்பு: எல்லோரும் வந்து முடிந்திருக்கும், நாம்தான் கடைசி. பார்வையாளர் வரிசை முன்னால் போய் நிற்க வெட்கம். விமானத்தை அப்படியே ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடலாம் என்று திருப்பினார்கள்.

ஆட்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். எதற்கு என்று இவர்களுக்குப் புரியவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று எஞ்சினை அணைத்தார்கள். அப்புறம்தான் வார்த்தைகள் காதில் விழுந்தன.

நீங்கள்தான் முதல்.

14 மணி 55 நிமிடம் 1 விநாடி. சராசரி மணிக்கு 165 மைல். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கூடுதலாக எடுத்தவருக்கு இரண்டாமிடம். அதுவும் ஒரு பெண், லாரா இங்கால்ஸ். ஐந்தாமிடத்தில் அமேலியாவும் ஹெலனும். ஐந்து இடங்களில் மூன்று பெண்களுக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குக் கதவை அடைத்த அதே பந்தயத்தில்!

முதல் பரிசு 4,500 டாலர். பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த 2,500 டாலரும் இவர்களுக்கே வந்தது, மொத்தம் 7,000. ஆறுதல் பணத்தை வெற்றிப் பணத்தோடு சேர்த்து எண்ணிக் கொடுக்க வேண்டிய நிலை நிர்வாகிகளுக்கு.

*

அதன் பிறகு

விமானிகளுக்கான ஹார்மன் விருது அந்த ஆண்டு லூயிஸுக்குக் கிடைத்தது. பிளான்ச் வான்வழிக் குறியீட்டு வேலையிலேயே பல ஆண்டுகள் தொடர்ந்தார். கணவரைப் போல் வழி தெரியாத வானிலையில் மாட்டுகிறவர்களுக்குக் கீழே ஒரு பெயராவது தெரிய வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

விச்சிட்டாவில் ஆலிவ் ஆனின் கணக்கு பலித்தது. எண்ணெய் கம்பெனிக்காரர்களும் தொழிலதிபர்களும் ஸ்டாகர்விங்கைப் பார்க்கும் பார்வை மாறியது. 1937-ல் வெல்ஸ் டி17எஸ் மாடலைக் கொண்டுவந்தார்: பிராட் அண்ட் விட்னியின் 450 குதிரைத்திறன் வாஸ்ப் ஜூனியர் எஞ்சின், மணிக்கு 212 மைல். ஸ்டாகர்விங் என்றதும் இன்று பலர் மனதில் வருகிற உருவம் அதுதான். 1939-ல் அமெரிக்க ராணுவம் மூன்று விமானங்களை வாங்கி லண்டன், பாரிஸ், ரோம் தூதரகங்களுக்கு அனுப்பியது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து, மேலே மரச்சட்டங்களை வளைத்துப் பொருத்தி, துணி போர்த்தி, பூச்சுப் பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து உருவான விமானம் இது. அவசரப்படுத்த முடியாத கைவேலை. ஆண்டுக்குச் சில டஜன் பணக்காரர்களுக்குச் செய்து கொடுக்க அது போதும். போர் வந்தால்?

போர் வந்தது. 1940-ல் ராணுவ ஆர்டர்கள் குவியத் தொடங்கிய நேரத்தில் வால்டர் பீச் மூளைக் காய்ச்சலில் விழுந்தார். நினைவே இல்லை. அதே மருத்துவமனையில் ஆலிவ் ஆன், இரண்டாவது பெண்குழந்தையைப் பெற்றுப் படுத்திருந்தார். முதலாளி திரும்பி வரமாட்டார் என்று முடிவு கட்டிய சில அதிகாரிகள், கம்பெனியைக் கைப்பற்றத் தொழிற்சாலைக்குள் காய் நகர்த்த ஆரம்பித்தார்கள். செய்தி ஆலிவ் ஆனின் படுக்கைக்கு வந்தது.

பிரசவப் படுக்கையிலிருந்து அவர் யாரைக் கூப்பிட்டார்? என்ன உத்தரவு கொடுத்தார்?

(அடுத்த வாரம்)